பச்சை டிக் வாங்கிய ஆறு கம்பெனிகள்

அடுத்தவர் எழுதிய கோப்பைப் படித்துவிட்டு "இது செல்லாது" என்று சொல்வதுதான் என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவளை யாரும் மனதார ஒரு கல்யாணத்துக்குக்கூட அழைப்பதில்லை.

இதே தொழிலில் அவதிப்படுகிறவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் துறைமுகச் சாலையில் ஒரு மாடி. அதில் எங்கள் சின்ன மென்பொருள் கம்பெனி. ஏற்றுமதி செய்கிறவர்களின் கம்ப்யூட்டரும், கப்பலேறும் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கண்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள நாங்கள் வழி செய்து தருகிறோம். அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு ஸ்பெக் கோப்பு எழுதித் தர வேண்டும். என்னென்ன விவரம் அனுப்புவோம், அதற்கு என்ன பெயர், அது எண்ணா எழுத்தா, எது கட்டாயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பிரித்துப் படித்து, சரியென்றால் பச்சை டிக்கும் தப்பென்றால் சிவப்பு வரியும் காட்டுகிற ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை எழுதியவள் நான். இரண்டு வருட உழைப்பு.

எங்கள் முதலாளி ராயப்பன் சார் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். ஆறு கம்பெனிகள் புதிதாகச் சேருகின்றன. மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் ஆறுக்கும் பச்சை டிக் வந்தாக வேண்டும். கொடி ஏறிவிட்டால் இந்த ஊரில் யாரையும் வேலைக்குப் பிடிக்க முடியாது. வராவிட்டால் சரிபார்ப்பையே எடுத்துவிட்டு, வந்த கோப்பை வந்தபடி உள்ளே விடுவோம் என்றார். சரிபார்ப்பு போனால் எனக்கு அந்த ஆபீஸில் வேறு வேலை இல்லை. சாயர்புரத்தில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருக்கிறார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். "ஒன்னை அனுப்பணும்னு எனக்கு என்ன ஆசையா பிள்ள? கஸ்டமர்மாரு தலைதெறிக்க ஓடுதாவளே!" என்றார்.

முத்திரை குத்திய கோப்பு

முதலில் உப்புக் கம்பெனி. கோப்பை மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு கவர் வந்தது. கோப்பைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்தியிருந்தார். தாளை என் புரோகிராம் படிக்காது என்று போனில் சொன்னேன். மறுநாள் அதே தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். படத்தையும் படிக்காது என்றேன். அதற்கு மறுநாள் மேனேஜரே மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டார்.

அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தில் காலம் தள்ளிய மனிதர். முத்திரை இல்லாத தாள் ஒரு கேட்டையும் தாண்டி அவர் பார்த்ததில்லை. பிறகு நானே அவர்கள் ஆபீஸில் இரண்டு நாள் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி, அந்தக் கோப்புக்குப் பச்சை டிக் வாங்கினேன். அன்றைக்கு என் மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான். "சீலும் குத்தியிருக்கு, கையெழுத்தும் போட்டிருக்கு. இதுக்கு மேல ஒரு தாளு செல்லுறதுக்கு என்னம்மா வேணும்?"

ஒன்றும் எழுதாத இடம்

அடுத்தது இறால் கம்பெனி. உறைய வைத்த இறாலைப் பெட்டியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பும் பொறுப்பு முழுக்க ரோஸ்மலர் அக்கா தலையில். வேம்பாரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பொருள் தெரிந்தவர் எழுதிய கோப்பு என்று முதல் பார்வையிலேயே தெரிந்தது. பெட்டிக்குள் வெப்பநிலை மைனஸ் பதினெட்டு, கட்டாயம் என்று எடுத்த எடுப்பிலேயே எழுதியிருந்தார். ஆனால் இந்த வகைக் கோப்பில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. எது எதற்குள் அடங்கும் என்பதை அந்த வெற்றிடம்தான் சொல்லும். அக்கா அழகு பார்த்து எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் சுவர் பிடித்தாற்போல் நிறுத்தியிருந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்தார். மூன்றாம் தடவை டேப் பட்டனை அழுத்தி இடைவெளி விட்டார். அதற்கும் சிவப்பு. நான் ஒவ்வொரு தடவையும் "எழுதினது சரிக்கா, இடைவெளிதான் தப்பு" என்பேன். அவர் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐந்தாம் தடவையும் போனில் அதையே சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார். "எழுதுனதுல தப்புன்னா ஒத்துக்கிடுவேன் தங்கச்சி, ஒண்ணுமே எழுதாத எடத்துல எப்படித் தப்பு வரும்?"

காக்காவுக்கு முந்தி

மருந்துக்குப் போகும் நிலாவாரை இலையை ஏற்றுமதி செய்யும் காயல்பட்டினத்து அண்ணன் தம்பி. அண்ணன் துபாயில், தம்பி இங்கே. அந்த ஊர்ப் பேச்சில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆளுக்கொரு கோப்பு அனுப்பியிருந்தார்கள். ஒரு கோப்பில் இருக்கிற விவரத்தை இன்னொன்றில் திரும்ப எழுதாமல் "அங்கே பார்க்க" என்று குறித்துவிடலாம். அதற்கு விதியிலேயே இடம் உண்டு. தம்பியின் கோப்பில் பெட்டியின் எடைக்கு அண்ணன் கோப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தது. அண்ணன் கோப்பில் எடைக்குத் தம்பி கோப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தது. என் புரோகிராம் பாவம், இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று ஓடி ஓடி மூச்சு நின்று விழுந்தது. கூடவே என் கம்ப்யூட்டரும்.

சுற்றுவதைக் கண்டுபிடித்து நிறுத்த ஒரு வழி எழுதிவிட்டு, துபாய்க்குப் போன் போட்டேன். "ஊர்ல இருந்து ஏத்துறவன் தம்பி, அவன்ட்ட கேளுங்க" என்றார் அண்ணன். தம்பிக்குப் போட்டேன். எடை எவ்வளவு என்று அவருக்கு நன்றாகவே தெரியும், தினமும் நிறுத்துப் பார்க்கிறவர் அவர்தான். எழுதுங்கள் என்று கெஞ்சினேன். பதறிவிட்டார். "காக்கா இருக்கும்போது காக்காவுக்கு முந்தி நான் எப்படிம்மா ஒரு கணக்கைச் சொல்லுவேன்?"

சிவப்பு வேண்டாம்

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. ஆறில் உப்பு மட்டும்தான் பச்சை. ராயப்பன் சார் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். சிவப்பு நிறம் பார்க்கிறவர்களைப் பயமுறுத்துகிறது, இளநீலமாக மாற்று என்றார். மாற்றினேன். "பிழை" என்ற சொல் கடுமையாக இருக்கிறது, "அன்பான வேண்டுகோள்" என்று போடு என்றார். அதையும் போட்டேன். மறுநாள் இறால் கம்பெனிக்கு அன்பான வேண்டுகோள் நூற்றுக்கு மேல் போனது. அதைப் பார்த்துவிட்டு நிறத்தையும் சொல்லையும் பழையபடியே மாற்றச் சொன்னார். கதவருகே போனவர் திரும்பி நின்று சொன்னார். "நாளைக்குப் பூசையில ஒன் புரோகிராமுக்குக் கொஞ்சம் எரக்கம் கேட்டு ஜெபம் பண்ணு பிள்ள."

பாஸான தாள்

ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த வாரம் மீதி ஐந்து கோப்புகளும் ஒரே நாளில் வந்தன. ஐந்தும் பச்சை. ஒரு சிவப்பு வரி இல்லை. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ராயப்பன் சார் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கி வரச் செய்தார். வேலை பிழைத்தது என்று வீட்டுக்கும் போன் செய்துவிட்டேன்.

சந்தோஷத்தில் ஒரு கோப்பைத் திறந்து வாசித்தேன். நிலாவாரைக் கம்பெனியின் கோப்பு. அதில் "உப்பின் ஈரப்பதம், கட்டாயம், பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது" என்று இருந்தது. அடுத்ததைத் திறந்தேன், அங்கேயும் உப்பின் ஈரப்பதம். ஐந்திலும் அதேதான். உப்புக் கம்பெனிக்காக நான் உட்கார்ந்து எழுதிய கோப்பில் கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இறால் கம்பெனி கோப்பில் வெப்பநிலை என்ற சொல்லே இல்லை. தொடர்புக்கு என்ற இடத்தில் ஐந்திலும் ஒரே போன் எண். போட்டுப் பார்த்தேன். "ஜெராக்ஸ்" என்றது ஒரு குரல்.

துறைமுகக் கேட்டுக்கு எதிரே உள்ள கடை. கப்பலுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலிருந்து மீனவர் அட்டை வரைக்கும் அங்கேதான் நிரப்புவார்கள். கடைக்கார அண்ணாச்சி கைபட்ட படிவம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்று ஊருக்குள் பேர். ஸ்பெக் கோப்பையும் இன்னொரு படிவம் என்று நினைத்து ஐந்து கம்பெனிகளும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கின்றன. உப்பு மேனேஜரும் பச்சை வாங்கிய கோப்பைப் பிரிண்ட் எடுக்க அங்கேதான் கொடுத்திருந்தாராம். சண்டை போடத்தான் போனேன். ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, டீயும் வாங்கித் தந்தார். எல்லோருக்கும் உப்பை எழுதி வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "உப்புக் கம்பெனி தாளுதான் பாஸ் ஆச்சின்னாவ. பாஸான தாளைப் பாத்துத்தான தங்கச்சி எழுதணும், பெயிலான தாளைப் பாத்தா எழுதுவாவ?"

முதலாளியின் கேள்வி

நேராக ராயப்பன் சாரிடம் போனேன். ஐந்தும் தப்பு சார் என்றேன். அவர் மக்ரூன் டப்பாவை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார், புரோகிராம் என்ன சொல்லுது என்று. சரி என்று சொல்கிறது என்றேன். அதை எழுதியது யார் என்றார். நான்தான் என்றேன். கோப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியும், அதில் இருப்பது இறாலா உப்பா என்று என் புரோகிராமுக்கு எப்படித் தெரியும் என்று விளக்கப் பார்த்தேன். கை காட்டி நிறுத்தினார். ஐந்தையும் திருப்பி அனுப்பினால் கொடியேற்றத்துக்குள் வராது. வராவிட்டால் என்ன ஆகும் என்று ஏற்கனவே பேசியாயிற்று.

நான் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. ரோஸ்மலர் அக்காவுக்கு மட்டுமாவது ஒரு போன் போட்டிருக்கலாம். எண் என் போனிலேயே இருந்தது. போட்டால் அவர் கோப்பைத் திரும்பக் கேட்பார், ஆறு ஐந்தாகிவிடும் என்று பயந்தேன். கொடி ஏறியது. அன்றைக்கு சார் கேட்டது மட்டும் காதிலேயே நின்றது. "ஒன் புரோகிராமே சரிங்குது, நீ யாரு பிள்ள தப்புன்னு சொல்ல?"

மைனஸ்

திருவிழா முடிந்து இணைப்பைத் திறந்தார்கள். கோப்பில் என்ன இருக்கிறதோ அதற்கேற்றபடிதான் கம்பெனிகளின் திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரும். இறால் கம்பெனித் திரையில் வெப்பநிலைக் கட்டம் இல்லை. உப்பின் ஈரப்பதம் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா ஜெராக்ஸ் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார், பாஸான கோப்பில் கைவைக்கக் கூடாது என்றிருக்கிறார் அவர். எண் போட மிச்சமிருந்த கட்டம் அது ஒன்றுதானே என்று அக்கா அதில் மைனஸ் பதினெட்டைப் போட்டார். ஏற்கவில்லை. உப்பில் ஈரம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பது விதி, அந்த விதியை எழுதியவள் நான். பதினெட்டு என்று மட்டும் போட்டார். பச்சை டிக் வந்தது. யார்டின் திரையில் வெப்பநிலை காலியாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டியைப் பார்த்தாலே குளிர்பெட்டி என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனாலும் திரையில் வந்ததைத்தான் யார்டில் செய்வார்கள். இறால் பெட்டி சாதாரணப் பெட்டிகளின் வரிசையில், கரண்டு கொடுக்காமல், மூன்று நாள் வெயிலில் நின்றது.

அவ்வளவு இறாலையும் கொட்டினார்கள். அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு மறுநாள் அவர் எங்கள் மாடிக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். ஈரப்பதம் பதினெட்டு, பக்கத்தில் என் பச்சை டிக். எங்கே தப்புவிட்டேன் என்று தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் வந்தேன், அடுத்த இடத்திலாவது கவனமாக இருக்கலாம் இல்லையா என்றார். எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதை மறைத்தேன். கோப்பு மாறிப் போயிருக்குக்கா என்று மட்டும் சொன்னேன். படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மைனஸ் போட்டா செவப்பு வந்துது, எடுத்தா பச்ச வந்துது. பச்சன்னா நீங்க பாத்துட்டியன்னுல்லா தங்கச்சி நான் நெனச்சேன்."

என் வேலை போகவில்லை, சம்பளமும் மாதம் தவறாமல் வருகிறது என்பதை, இதே பச்சை டிக்குக்குக் காவலிருக்கும் உங்களைத் தவிர வேறு யாரிடம் நான் வெட்கமில்லாமல் சொல்ல முடியும்?