நாலு டீயும் நல்லா இருக்குதுங்க

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு உப்புமாவுக்கு என் அம்மா ஒரு தடவை உப்புப் போட்டாள். அது தெரியாமல் என் அத்தை இன்னொரு தடவை போட்டுவிட்டாள். கூட வந்தவர்களெல்லாம் ஒரு வாய் வைத்ததும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்கள். மாப்பிள்ளை மட்டும் இலையை வழித்துத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார். அதை நிஜமென்று நம்பி அம்மா இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். அதையும் தின்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படியும் ஒரு நல்ல மனுஷனா என்று மயங்கித்தான் கழுத்தை நீட்டினேன்.

நல்ல மனுஷனோடு குடித்தனம் பண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாகம் பிரிக்கும்போது அவர் அண்ணன் கிணற்றோடு இருந்த காட்டைக் கேட்டார். "சரிங்கண்ணா" என்று கொடுத்துவிட்டு, வானம் பார்த்த காட்டை வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டார். "பரவாயில்லீங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கத்துவேன். அதற்கும் "சரி அம்மணி" என்பார். சரி என்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

பருத்தி விலை விழுந்து, மழையும் ஏய்த்துவிட்ட வருஷம், பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் இருந்த அந்தக் காட்டையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோயமுத்தூரில் ஒரு சந்துக்குள் ஒண்டுக் குடித்தனம் வந்தோம். ஊரில் அவருக்கு நல்ல பேர் நிறைய இருந்தது. நல்ல பேரை உலையில் போட முடியுமா? மில் மில்லாக ஏறி இறங்கினார். கால் வீங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஆளை எந்த மில்லில் சேர்ப்பார்கள்? "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல அம்மணி" என்பார். வாசற்படியைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்.

அப்போதுதான் தேயிலைக் கம்பெனி வேலை ஒன்று வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அன்றைக்கெல்லாம் டீ யாரும் குடிக்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் காப்பி, தங்களுக்கென்றால் கூழோ நீச்சத்தண்ணியோ. டீ குடித்தால் ரத்தம் சுண்டிப்போகும், பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று வேறு பேச்சு. அந்த ஜனங்களுக்கு ஊர் ஊராகப் போய் இனாமாக டீ ஊற்றிப் பழக்க ஆள் வேண்டும் என்றார்கள். அந்நிய ஆண்பிள்ளை வந்தால் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள் என்பதால், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வருகிற ஆளாக வேண்டும் என்றார்கள்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஏஜென்ட் பெயர் சீனிவாசலு. கோட்டுப் போட்டவர், நேராகப் பேசுகிறவர். எங்கள் முன்னால் நாலு டின்களை எடுத்து வைத்தார். நாலிலும் தேயிலைத் தூள்தான். ஒன்றில் இஞ்சி, ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் மிளகு, ஒன்றில் பட்டை கலந்திருந்தது.

"பாருங்க திருமலைசாமி," என்றார். புருஷன் பேரை நான் சொல்லக் கூடாது, அவர் சொன்னதால் உங்களுக்கும் தெரிந்துவிட்டது. "குளிர்காலத்துல ஜனங்க சூடா எதையும் குடிப்பாங்க. மார்கழி முடியறதுக்குள்ள, இந்த நாலுல எது பிடிக்குதுன்னு எனக்குத் தெரியணும். தை மாசம் அது ஒண்ணைத்தான் கடைகளுக்குக் கொண்டுவரப் போறோம். சரியான ஒண்ணைச் சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு டிப்போவுல வேலை. நாற்காலியில உக்காந்துக்கிட்டு வர்ற சரக்கைப் பார்த்துக்கலாம். இல்லேன்னா தையோட அனுப்பிச்சுடுவேன்."

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது நாற்காலி மட்டும்தான். இந்த மனுஷன் ஒரு இடத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

கம்பெனி ஒற்றை மாட்டு வண்டி ஒன்று கொடுத்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ், பித்தளைக் கெட்டில், பீங்கான் கோப்பைகள் எல்லாவற்றையும் வைக்கோலுக்குள் பொதிந்து ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். விடியற்காலையில் மூடுபனியில் மாட்டின் கொம்பு தெரியாது. போர்வைக்குள் பல் கிட்டும். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி முதல் கெட்டிலை எங்களுக்கே போடுவேன். கருப்பட்டியைப் பாலோடு கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும், இறக்கி வைத்த பிறகுதான் போட வேண்டும். முதல் நாள் ஒரு கெட்டில் பாலைப் பாழாக்கி இதைக் கற்றுக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த டீ எனக்குப் பிடித்துப்போயிற்று. இஞ்சி டீ தொண்டையில் இறங்கும்போதே தூக்கம் ஓடிவிடும். ஏலக்காய் டீயில் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும், ஆனால் குடித்த கொஞ்ச நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. மிளகு டீ குடித்தால் மூக்கும் கண்ணும் ஒழுகும், அப்புறம் நெஞ்சு லேசாகும். பட்டை டீ வேறு ரகம். முதல் மடக்கில் காய்ந்த மரத்தை நக்கினது போலத்தான் இருக்கும். விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஒரு தித்திப்பு நின்றுகொண்டே இருக்கும். நான் அதற்குப் பைத்தியமாகிவிட்டேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வாயாக இறக்குவேன். காடு போனதும் ஒண்டுக் குடித்தனமும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும்.

"உங்களுக்கு எதுங்க புடிச்சிருக்குது?" என்று அவரைக் கேட்பேன்.

"எல்லாமே நல்லா இருக்குது அம்மணி."

ஊர்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. எந்த ஊருக்குப் போனாலும் வண்டியைப் பார்த்ததும் "வாங்க, வாங்க" என்பார்கள். நாலு டீயையும் நாலு கோப்பையில் ஊற்றிக் கொடுப்போம். ஒரு முகமாவது சுளிக்க வேண்டுமே! காங்கேயத்துக்குப் பக்கத்தில் சுப்பாத்தாள் என்று ஒரு கவுண்டச்சியம்மா. நாலையும் வாங்கி ஒரு வாய் ஒரு வாயாகக் குடித்துப் பார்த்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"நாலு டீயும் நல்லா இருக்குதுங்க."

"அதுல எது எச்சா நல்லா இருக்குதுங்க?"

"எதைன்னு சொல்றதுங்க அம்மணி? ஒண்ணுக்கொண்ணு கொறைச்சலில்லீங்க. இன்னும் சித்த ஊத்துங்க."

சந்தோஷமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, கோப்பை கழுவப் புழக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் சுப்பாத்தாள் அங்கே நின்றிருந்தார். நாலு கோப்பையையும் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எருமை வந்து மூக்கை வைத்தது. புர்ரென்று சீறிவிட்டு அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்காவது உண்மை பேசத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கவனித்தேன். ஓரிடத்தில் முருங்கை மரத்தடியில், ஓரிடத்தில் குப்பைமேட்டில். நாங்கள் வீடு தேடி வந்து ஊற்றினோமாம், நல்லா இல்லை என்று சொன்னால் எங்கள் மனசு நோகுமாம். அடக் கடவுளே, இந்த ஜனங்களின் மரியாதையில் இடி விழ!

வண்டியில் ஏறினதும் அவரிடம் சொன்னேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் அம்மணி" என்றார்.

"எப்பலிருந்துங்க?"

"மொத ஊர்லிருந்து."

"ஏனுங்க, அப்பறம் எதுக்கு என்றகிட்டச் சொல்லல?"

"நீ ஆசையாப் போட்டுக் குடுக்கற. அவியளும் மொகம் கோணாம வாங்கிக்கறாங்க. அதுல போயி என்னத்தச் சொல்றது?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மார்கழி முடியப் போகிறது. வாராவாரம் ஏஜென்டிடம் 'நாலும் நல்லா இருக்குதாமுங்க' என்றே சொல்லி வந்திருந்தோம். அவருக்குப் பொறுமை போய், கடைசி ஊருக்குத் தானே வருவதாகச் சொல்லியிருந்தார். வழியெல்லாம் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

"இங்க பாருங்க. ஏஜென்ட் கேட்டாருன்னா பட்டைன்னு சொல்லிப்போடுங்க. ஏதோ ஒண்ணு. நாற்காலி கெடைச்சாப் போதும். அப்பறம் அது வித்தா என்ன, விக்காட்டி என்ன? கம்பெனிக்காரன் பாடு."

"சரி அம்மணி," என்றார். நானும் நம்பினேன்.

காங்கேயத்தைத் தாண்டிய அந்தக் கடைசி ஊரில் யூனுஸ் என்ற இளவட்டம் மளிகைக் கடை வைத்திருந்தான். ஆவணியில்தான் திறந்தானாம். அலமாரியில் சரக்கைவிடக் காலி டப்பாக்கள் அதிகம். உள்ளேயிருந்து பச்சைக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, பெண்டாட்டி பிரசவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் கடை வாசலில்தான் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். முதலில் அவனே மிளகு டீயைக் குடித்தான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு, "பிரமாதமுங்கக்கா" என்றான்.

வெயில் ஏறும் நேரத்தில் சீனிவாசலுவின் மோட்டார் கார் வந்து நின்றது. காரைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. எல்லோருக்கும் டீ ஊற்றினோம். எல்லோரும் குடித்தார்கள். எல்லோரும் நல்லா இருக்குதுங்க என்றார்கள். ஏஜென்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் கடை யாருது? உங்களுதா? முதல் பெட்டி உங்களுக்குத்தான் தம்பி. பணத்தை முன்னாலயே கட்டிடணும். தைக்குள்ள பெட்டி வந்து சேரும்."

யூனுஸின் முகம் சுண்டிவிட்டது. காலி டப்பாக்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். கையில் இருக்கிற பணத்தையெல்லாம் போட்டால்தான் ஒரு பெட்டித் தேயிலை வாங்க முடியும் என்பது எங்களுக்கே தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் கார் ஏறி வந்தவரிடம் எப்படி மறுப்பான்? "அண்ணன் சொன்னாச் சரிதானுங்க. அண்ணன் சொல்றதையே வாங்கிக்கறேனுங்க," என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"அப்போ சொல்லிடுங்க திருமலைசாமி. எது?"

அவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் பின்னால் நின்று, "பட்டைங்க, பட்டைங்க" என்று முணுமுணுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். யூனுஸைப் பார்த்தார். உள்ளே குழந்தை மறுபடியும் அழுதது.

"ஒண்ணும் புடிக்கலீங்க," என்றார்.

"என்ன?"

"யாருக்கும் எதுவும் புடிக்கலீங்க. நம்ம மொகத்துக்காகக் குடிக்கறாங்க. அக்கட்டால போயி கொட்டிப்போடறாங்க. தம்பி, நீ வாங்காத. உனக்கு ஒரு பொட்டலம்கூட விக்காது."

அப்போதும் ஒரு பெரியவர், "அப்படியெல்லாம் இல்லீங்க, நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிப் பார்த்தார். ஏஜென்ட் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்தனை நாளா நல்லா இருக்குன்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"நான்தானுங்க. தப்புத்தானுங்க."

"வண்டியையும் சாமானையும் கோயமுத்தூர் டிப்போவுல ஒப்படைச்சுட்டுப் போயிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, நாலு டின்களையும் எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊரார் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யூனுஸ் வாயைத் திறந்து திறந்து மூடினான், பாவம், நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அண்ணன் கேட்டபோது வாய் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டபோது வாய் இல்லை. எனக்கு வேண்டியது கைக்கெட்டும்போதுதானா இந்த வாய் திறக்க வேண்டும்? ஸ்டவ்வை அணைத்து, கோப்பைகளைக் கடமுடவென்று வைக்கோலில் போட்டேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு பேரு. அதைச் சொல்லக்கூட உங்களால முடியாமப் போச்சா? அந்த நாற்காலிய எனக்குன்னா கேட்டேன்?"

அவர் வண்டியின் நுகத்தடியைப் பிடித்து ஒரு காலை மேலே எடுத்து வைக்கப் பார்த்தார். கால் எழும்பவில்லை. மறுபடியும் முயன்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "கை குடு அம்மணி," என்றார். "முடியல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை நான் அவர் வாயில் கேட்டதில்லை. காடு போன அன்றைக்குச் சொல்லவில்லை. மில் வாசலில் திருப்பி அனுப்பிய அன்றைக்குச் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கையைக் கொடுத்தேன், தோளையும் கொடுத்தேன். செருப்பு வார் பாதத்தில் புதைந்துபோயிருந்தது. அதைக் கழற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"ரொம்ப நாளா அம்மணி. டிப்போவுக்கு நடந்து போயி வர்றதுக்குக்கூட என்னால ஆகாது."

வைக்கோலில் சாய்ந்து காலை நீட்டினார். போர்வையை மேலே போட்டேன். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அதுவரை வண்டி ஓட்டியதில்லை. மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். மயிலைக்காளைக்கு வழி தெரியும், அதுவாகவே நடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு தோட்டத்து வாசலில் ஒரு அம்மா கை காட்டினார். போகும்போது நாங்கள் டீ ஊற்றிய வீடு.

"ஏனுங்க அம்மணி, வண்டிய நிறுத்துங்க. பனி எறங்குது பாருங்க. சூடா ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க. அண்ணனையும் எழுப்புங்க."

எங்கள் பக்கத்தில் கூப்பிட்ட வீட்டு வாசலில் இறங்காமல் போனால் அது பெரிய அவமரியாதை. அவராக இருந்தால் தவழ்ந்தாவது இறங்கியிருப்பார். காப்பியைக் குடித்துவிட்டு நல்லா இருக்குதுங்க என்றும் சொல்லியிருப்பார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"வேண்டாமுங்க," என்றேன். "அவரு தூங்கட்டுமுங்க."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. மாட்டைத் தட்டிவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அழ ஆரம்பித்தேன், அதையும் அவர் விழித்துக்கொள்ளாதபடி அழுதேன்.