ஜெபத்தில் விடுபட்ட வீடு

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஓசூரில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் வேதவசனம் போடுகிறவன். ஒரு மாலை வெளியே போய்த் திரும்பினால், பக்கத்து வீட்டு முருகேசனின் கார் என் கேட்டை மறித்து நின்றது.

“ரோடு என்ன உங்கப்பன் சொத்தா? அறிவு கெட்டவனே!” என்று குழுவுக்குக் குரல் செய்தி பேசி, கைப்பேசியை வைத்துவிட்டு, மனைவியோடு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். முடித்துப் பார்த்தால் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதறி எதையோ அமுக்கினேன். வசவும் ஜெபமும் சேர்ந்தே போய்விட்டன.

ஒருவர் “ஆமென்” என்று போட்டார். “எதுக்குங்க, முதல் பாதிக்கா?” என்று கேட்டார் இன்னொருவர்.

காலையில் முருகேசனே வந்தார்.

“திட்டுனது இருக்கட்டும் சார். துபாய்ல இருக்கிற உங்க மகன்ல இருந்து பேரிகை ஊர்த் தக்காளி விவசாயிங்க வரைக்கும் வேண்டுனீங்க. எங்க வீட்டை மட்டும் விட்டுட்டீங்களே! வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலின்னு வண்டியை அப்படியே போட்டுட்டு வீட்டுக்குள்ள ஓடுனேன். ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனோம். ஐ.சி.யூ.ல இருக்கா.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைப் பிடித்து, அந்தம்மாவுக்காக வாசலிலேயே ஜெபித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போனை நிறுத்திட்டீங்களா சார்?” என்றார்.

அந்தம்மா நலமாகத் திரும்பிவிட்டார். இப்போது குழுவில் யார்மீது கோபம் வந்தாலும், முதலில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அதன்பிறகு அனுப்புவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.