அண்ணி கொடுத்த காளான் தூள்

என் கணவருக்குக் கால் பெருவிரலில் கவுட் என்னும் மூட்டு வாதம் வந்தது. விரல் தக்காளி மாதிரி வீங்கிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. சேஃப்டி பூட்ஸ் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். மனுஷர் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தார். கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரிக் அமிலம் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று மாத்திரை கொடுத்தார். ஈரல், கணவாய், நாசி கண்டார் குழம்பு எல்லாவற்றுக்கும் தடை. சிறுநீரகம் போய்விடும் என்றபோது அசையாத முகம், நாசி கண்டார் கூடாது என்றதும் இருண்டுபோனது.

மறுநாளே அண்ணி வந்து இறங்கினார். கணவரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கெலுகோரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அம்மா இறந்த பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அதனால் இவர் வாயிலிருந்து அக்காவை எதிர்த்து ஒரு சொல் வந்ததே இல்லை. அங்கே மிச்சம் பிடித்த சொல்லை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து என்னிடம் செலவழிப்பார்.

அண்ணி அப்போது நேரடி விற்பனையில் தீவிரமாக இருந்தார். பையிலிருந்து இரண்டு டின் வெளியே வந்தது. ஒன்று லிங்சி காளான், இன்னொன்று புலிப்பால் காளான். புலி குட்டிக்குப் பால் கொடுக்கும்போது சிந்திய இடத்தில் முளைப்பதாம். அந்தப் புலிக்கு யூரிக் அமிலம் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். அண்ணி ஒரு டின்னை என் பக்கம் தள்ளினார். டின்னில் எழுதியிருந்ததைப் படித்தேன். யூரிக் அமிலத்தைக் கரைக்கும், சிறுநீரகத்தைக் காக்கும், தூக்கம் தரும், முடியைக் கறுப்பாக்கும். காருக்கு ரோட்டேக்ஸ் கட்டுவது ஒன்றுதான் பாக்கி.

மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை. இரண்டு மருந்தும் வயிற்றுக்குள் சண்டை போடுமாம். இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். கிளினிக்கில் நான்தான் கேட்டேன். காளான் மனிதருக்கு வேலை செய்யும் என்று சரியாக நிரூபிக்கவில்லை, எதைக் குடித்தாலும் எங்களிடம் சொல்லுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் இருவரையும் திருப்திப்படுத்தினார். மாத்திரை வீட்டு அலமாரியிலிருந்து காருக்குக் குடிபெயர்ந்தது. காலையில் பாலம் ஏறுவதற்கு முன் வாயில் போட்டுக்கொள்வார். அக்கா வரும்போது மட்டும் ஒரு கோப்பை காளான் தண்ணீர். சில மாதத்தில் யூரிக் அமிலம் இறங்கியது, பூட்ஸும் ஏறியது. புகழ் முழுக்கப் புலிக்குப் போனது.

அண்ணி சும்மா விடுவாரா? ஒரு ஹோட்டல் மண்டபத்தில் காளான் விற்பவர்களின் கூட்டம். இவரை மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “எங்க அக்கா குடுத்த காளான்தான், வேற ஒன்னும் இல்ல” என்றார் என் அரிச்சந்திரன். கைதட்டல் அடங்கவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். காரில் ஏறியதும், ஏன் இந்த நாடகம் என்று கேட்டேன். மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் அக்கா கோவித்துக்கொள்ளும், விடு லா என்றார்.

அண்ணிக்குப் பல வருஷமாக இனிப்பு நீர் என்னும் சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் உண்டு. சிறுநீரகம் பலவீனம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். விற்பதை விற்றாலும் தன் மாத்திரைகளை அதுவரை அவர் விட்டதில்லை. அந்த மேடைக்குப் பிறகுதான் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் விற்கும் சரக்கைத் தானே நம்பிய வியாபாரி, நான் பார்த்ததில் அவர் ஒருவர்தான்.

அடுத்த சில மாதத்தில் அண்ணிக்குக் கால் வீங்கி, முகம் ஊதி, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன, உடனே டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி சம்மதிக்கவில்லை. தூளின் அளவைக் கூட்டினால் போதும் என்று கட்டிலில் சாய்ந்தபடி எங்களுக்கே தைரியம் சொன்னார்.

“தம்பிக்குக் கேட்டுச்சுல்ல, எனக்கும் கேக்கும் லா.”

இவர் என்னைப் பார்த்தார். இது அவரே சொல்ல வேண்டியது. நான் கட்டிலை நோக்கிக் கண்ணைக் காட்டினேன்.

“அக்கா, நான் மாத்திரய நிறுத்தவே இல்ல.”

அண்ணி தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். நீ கோவிச்சிக்குவேன்னுதான் என்றார் இவர்.

“கோவிச்சிருப்பேன்” என்றார் அண்ணி. “ஒரு வாரம் உன்கூட பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே, தம்பி?”