மறந்துபோன குழுவின் டிரம்மர்

மலேசியாவின் செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த கமலாம்பிகைக்குச் சனிக்கிழமை மதியமானால் கால் தரையில் நிற்காது. பெர்ரிப் படகு ஏறிப் பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுன் போய், யாரும் கேள்விப்படாத புது இசைக்குழுக்களின் கேசட்டுகளைத் தேடி வாங்குவாள். 1988இல் ஒரு சனிக்கிழமை, அப்துல் ஹமீது கடையின் பழைய இசைத்தட்டுக் குவியலில், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பினாங்குக் குழு ஒன்றின் தட்டு அகப்பட்டது. உறைப்படத்தில் தோள்வரை முடியோடு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அலுவலகத்தில் சிரிக்கவே சிரிக்காத தலைமைக் குமாஸ்தா அம்பிகைபாகன்!

வாங்கிப்போய் இரண்டு நாளும் கேட்டுவிட்டு, திங்களன்று அவர் மேசையில் வைத்தாள்.

"சார், இது நீங்கதானே?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசு லா... பாட்டு எப்படி இருக்கு?"

"இப்ப வர்ற பேண்ட் எல்லாம் உங்ககிட்ட பிச்சை வாங்கணும், சார்."

அன்று மாலைவரை அவர் விரல்கள் கோப்புகளின்மேல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.