எரிமலைக்குக் கட்டிய பை

மொன்றியலில் வளரும் பிள்ளைகளுக்கு நகரத்தின் நடுவில் நிற்கும் மோன் ருவாயால் என்ற குன்று ஒரு பழைய எரிமலை. அது எரிமலையே இல்லை, வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே குளிர்ந்துபோன பாறை என்பார் நாகசுப்பிரமணியன். சுரங்கப் பொறியாளர். சொல்வதோடு நிற்கவும் மாட்டார். எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். அவர் மனைவி வசந்தகுமாரி கல்யாணமாகித் திருச்சியிலிருந்து மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வந்த நாள் முதல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுதான் வந்தாள். அப்படியும் அடி விழுந்தது.

முதல் அடி, கார்க் கதவை ஓங்கிச் சாத்தியதற்கு. கடைசியாகப் போன குளிர்காலத்தில், கரண்டி எடுக்கப் போனவளின் விரல்கள் உள்ளே இருக்கும்போதே இழுப்பறையை இடித்து மூடினார். இரண்டு விரல் ஒடிந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குச் சமையலறை வேலை. கூட வேலை செய்த சிவமலர் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்தாள் உங்களைக் கொல்லத்தான் போகுது. அதுக்கு முந்தி வெளிக்கிடுங்கோ."

"வெளில தனியா விடமாட்டாரு, மலர்."

"வேலைக்கு விடுறாரெல்லே? அப்ப வேலையெண்டே சொல்லுவம்."

2004 செப்டம்பரில் காப்பகத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை மோன் ருவாயால் மலையேறப் போவதாக ஏற்பாடானது. வசந்தகுமாரியைக் கூட்டிப் போக சிவமலர் வேன் கொண்டுவருவாள். ஆனால் மலைக்குப் போகாமல், பெண்களை ஒளித்துவைத்துக் காக்கும் ஒரு வீட்டுக்கு ஓட்டுவாள். பாஸ்போர்ட்டும் மற்ற காகிதங்களும் சாப்பாட்டு டப்பாவின் அடியில் ஒவ்வொன்றாகப் போய் ஏற்கெனவே சிவமலர் வீட்டில் சேர்ந்துவிட்டன. இனி ஆள் மட்டும் வாசலைத் தாண்ட வேண்டும்.

அதற்கு ஒரு பை வேண்டும். சாயங்காலம் திரும்பி வருகிறவளின் பையாக அது இருக்க வேண்டும். ஒரு புடவை அதிகமாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். யோசித்து யோசித்துக் கட்டினாள். மழைக்கோட்டு, வெந்நீர் பிளாஸ்க், கொசு மருந்து, கால் பிசகினால் சுற்றத் துணிப்பட்டை, உச்சியில் காற்றடிக்கும் என்று ஒரு கம்பளிச் சட்டை, மாற்றுக் காலுறை, ஒரு தூக்கு நிறையத் தயிர்சாதம். அம்மாவின் படத்தைக்கூட எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

சனிக்கிழமை காலை நாகசுப்பிரமணியன் பையைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துக் கொட்டினார்.

"காலுறை எதுக்கு இன்னொண்ணு?"

"மேல ஈரமா இருக்குமாம்."

"எரிமலைக்குப் போறாளாம், கம்பளிச் சட்டை எடுத்துக்கிட்டு!" அவர் சிரித்தார். அவளும் அளவாகச் சிரித்து வைத்தாள். தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

"சரி, மத்தியானம் எனக்கு என்ன?"

"சாம்பார், பொரியல், சாதம் எல்லாம் இருக்குங்க."

"தயிரு?"

இந்த ஊர்க் குளிருக்குப் பால் வெளியே வைத்தால் உறையாது. அடுப்புக்குக் கீழே இருக்கும் ஓவன் பெட்டிக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டுவிட வேண்டும். அவள் சமையலறையில் அந்த மஞ்சள் வெளிச்சம் எரியாத இரவு அதுவரை கிடையாது. நேற்று ராத்திரி, இருந்த தயிர் முழுவதையும் சாதத்தில் கொட்டிப் பிசைந்தாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பால் காய்ச்சவில்லை. உறைக்கு ஒரு கரண்டிகூட எடுத்து வைக்கவில்லை. நாளைக்கு இங்கே இருக்கப்போவதில்லை என்பது கைக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் கை செய்தது தெரியவில்லை.

அவர் ஓவனைத் திறந்தார். இருட்டு. கவிழ்ந்திருந்த பாத்திரத்தைப் பார்த்தார்.

"உறைக்குக்கூட வைக்கலயா?"

கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சின்னப் பொய் அவள் வாயில் வரவில்லை.

"நாளைக்கு நீ இங்க இல்ல. அதானே?"

பின்னலைப் பிடித்து இழுத்து, திறந்திருந்த ஓவன் கதவில் அவள் முகத்தை மோதினார். முன்பல் ஒன்று உதட்டுக்குள் இறங்கியது. இரண்டாவது மோதலில் கண் இருண்டது. விழுந்தவளின் விலாவில் உதைத்தார். வெளியே வேன் ஹார்ன் கேட்டது.

"யாருடி அது? யாரு சொல்லிக் குடுத்தது?"

மேஜைக் காலைப் பிடித்து எழுந்தவளின் கையில் பிளாஸ்க் அகப்பட்டது. யோசிக்கவில்லை. எஃகு பிளாஸ்க், நிறைய வெந்நீர். பலம் கொண்டமட்டும் வீசினாள். அவர் காதோரம் பிளந்தது. அவர் நாற்காலியோடு சாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தார். ஒடிந்து கூடிய அந்த விரல்களாலேயே அவர் பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். வலி தாங்காமல் கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

கதவுச் சங்கிலி கழன்றது. வெறுங்காலோடு புல்வெளியில் ஓடினாள். சிவமலர் வேன் கதவைத் திறந்துவிட்டு, அவள் ஏறியதும் வண்டியை நகர்த்தினாள். பின்னால் ஓடிவந்தவரின் முஷ்டி கண்ணாடியில் இடித்தது.

"குனியுங்கோ அக்கா! தலையைக் குனியுங்கோ!"

பெண்களை ஒளித்துவைக்கும் அந்த வீட்டுக்கு இந்த ரத்தத்தோடு போக முடியாது. சிவமலர் நேரே போலீஸ் நிலையத்துக்கு ஓட்டினாள். அங்கே ஒரு பெண் அதிகாரி பஞ்சு கொடுத்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"வீட்டிலை அவசியமான சாமான் ஏதும் எடுக்கோணுமோ எண்டு கேக்கிறா. தாங்கள் கூட வருவினமாம்."

வசந்தகுமாரி தன் கால்களைப் பார்த்தாள். புல்லும் ரத்தமும் ஒட்டியிருந்தன.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லு மலர். ஆஸ்பத்திரி முடிஞ்சதும் கடையில ஒரு செருப்பு வாங்கிக்கிறேன்."