ஒன்பது வாசலுக்கும் கோலம்

நான் பிறந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பருத்திக்காட்டைக் காவல் காக்க வந்தவர்கள் கொட்டாய் போட்டு, அப்படியே தங்கி, ஒன்பது வீடானது. எல்லாரும் காட்டுக்கொட்டாய் என்றுதான் சொன்னார்கள். தபாலும் ரேஷனும் பக்கத்து ஊரில்தான். எங்களுக்கென்று அச்சில் இருந்தது வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கம் மட்டும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கம் கொல்லை வரைக்கும் வந்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. நாங்கள் குன்னத்துக்குப் போனோம். அங்கே போன இரண்டாம் வருஷம் அப்பா இறந்தார்.

பிறகு நான் டீச்சரானேன். பட்டியல் சரிபார்க்கும் வேலையில் அந்தப் பக்கம் எனக்கே வந்தது. ஒரு மத்தியானம் ஸ்கூட்டரில் போனேன். எட்டு வீடு பூட்டிக் கிடக்கும், பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் இருப்பார் என்று தெரியும். ஆனால் ஒன்பது வாசலிலும் சாணி தெளித்து, கோலம் போட்டிருந்தது.

"நாந்தாம்மா போடுறேன்," என்றார் பெரியம்மா. "வாசல் வெறிச்சுன்னு கெடந்தா அவங்களுக்கு வூடு அடையாளம் தெரியாதுல்ல?"

"யாருக்கு பெரியம்மா?"

என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, உள்ளே யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். வயசாகிவிட்டது, தனியாக இருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வீடு எங்களுடையது. வெளியே சங்கிலி மாட்டிப் பூட்டியிருந்தது. பூட்டில் துரு. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. இரண்டு தரம் வறட்டு இருமல், ஒரு செருமல், மறுபடி ஒன்று. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பத்து வருஷம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறேன்.

"மத்தியானத்துல கொஞ்சம் இருமுவாரு. சாயங்காலம் சரியாப் போயிடும்," என்றார் பெரியம்மா, சாதாரணமாக.

கதவில் கை வைத்தேன். வெயிலில் கிடந்த பலகை சில்லென்று இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் சுரங்கத்தில் சங்கு ஊதினார்கள். வெடி அதிர்ந்து, ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது. அப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

எட்டு வீட்டுக்கும் 'குடிபெயர்ந்தார்' என்று எழுதினேன். கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாரமாயிற்று. அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கதவைத் தொறந்து பாத்தியா?"

"இல்லம்மா. பயமா இருந்துச்சு."

அம்மா என்னைத் திட்டவில்லை. "நானா இருந்தா தொறந்திருப்பேன்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷமே பெரியம்மாவை மகன் அரியலூருக்குக் கூட்டிப்போய்விட்டான். அழுது அடம்பிடித்தாராம். இப்போது காட்டுக்கொட்டாய் இருந்த இடத்தில் பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். புதுப் பட்டியலில் எங்கள் பக்கம் இல்லை. அதை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.