குட்டப்பனின் நெஞ்சில் காது வைத்தவள்

சுகதனுக்கு ஒரு செம்மறிக் கிடாவின் மேல் பொறாமை. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ் கண்டக்டராக ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவனுக்குப் பொருமுவதைத் தவிர வேறு என்ன வேலை?

அவன் மனைவி விலாசினி திருவனந்தபுரத்தில் மலைமேல் இருக்கும் ஆய்வகத்தில் விலங்குகளைப் பராமரிப்பவள். மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் தைத்த வால்வை அந்தக் கிடாவுக்குப் பொருத்தியிருந்தார்கள். அப்படிப்பட்ட வால்வில் நாளடைவில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். அதைத் தடுக்கத்தான் டாக்டர் ஏலியாம்மா சவ்வைப் புது மருந்தில் கழுவியிருந்தார். இளம் உடம்பில் சுண்ணாம்பு சீக்கிரம் ஏறும் என்பதால் இளங்கிடாவாகப் பார்த்து வைத்தார்கள். ஐப்பசியில் பெய்யும் துலாமழை ஓய்ந்ததும் அறுத்துப் பார்ப்பார்கள். வால்வு மெத்தென்று இருந்தால் அடுத்தது மனிதர்களுக்கு. அதுவரை கிடாவை நோய்நொடியில்லாமல் காப்பது விலாசினியின் பொறுப்பு.

அங்கே விலங்குகளுக்கு எண்தான், பெயர் வைக்கக்கூடாது. வைத்தால் அறுக்கும் நாளில் மனசு தாங்காது. இவள் வைத்துவிட்டாள், குட்டப்பன் என்று.

"தினமும் அவன் நெஞ்சுல காது வெச்சுக் கேக்கறேன் சேட்டா. என்ன ஜோரா அடிக்குது தெரியுமா!"

"கல்யாணம் ஆனதுலேருந்து என் நெஞ்சும்தான் அடிக்குது. ஒருநாளாவது கேட்டியாடீ?"

"உங்களுக்கும் மாட்டு வால்வு வெக்கட்டும், கேக்கறேன்."

முற்றத்துப் பலா இலை என்றால் குட்டப்பனுக்கு உயிர். ஓட்டின் மேல் சாய்கிறது என்று சாக்குச் சொல்லி, சுகதன் ஆள் வைத்து மரத்தை மொட்டையடித்தான். மறுநாள் காலையில் விலாசினி கைநிறைய இலையோடு கிளம்பினாள்.

"பக்கத்து வீட்டு வர்கீஸேட்டன் அவரு மரத்துல தானே ஏறிப் பறிச்சுக் கொடுத்தாரு. நல்ல மனுஷன்!"

அன்றிலிருந்து சுகதனுக்குப் பொறாமைப்பட இரண்டு பேர்.

ஓணத்தன்று இலை போட்டுக் காத்திருந்தான். பாயசம் ஆறி ஏடு கட்டிய பிறகுதான் வந்தாள். குட்டப்பனுக்கு உடம்பு லேசாகச் சுட்டதாம். சுகதனுக்கு வயிறு எரிந்தது. உடம்பு சுடுகிறதா என்று அவனை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்?

ஒருவழியாக மழை ஓய்ந்து அந்த நாளும் வந்தது. சுகதன் உற்சாகமாக நெய்மீன் வாங்கி, குடம்புளி போட்டுக் கறிவைத்து, மரவள்ளிக் கப்பையும் அவித்தான். விலாசினி சீக்கிரமே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வால்வை எடுத்துக் காட்டினாங்க. ஒரு பொட்டுக் கல்லு இல்லை சேட்டா. தளிர் வெத்தலையாட்டம் மடிஞ்சுது. டாக்டரம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

"அப்புறமென்ன, ஜெயிச்சாச்சு! வா, கறி ஆறுது."

அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் கூப்பிட்டாத்தான் வருவான். அதனால என்னையே கூப்பிடச் சொன்னாங்க. கூப்பிட்டேன். வந்தான்."

சுகதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் சாய்ந்து, அவன் நெஞ்சில் காதை அழுத்தி வைத்துக்கொண்டாள். இத்தனை காலம் ஏங்கியது இதற்குத்தான்.

"கேக்குதா?"

"உம்" என்றாள். கண்களை மூடியிருந்தாள். சட்டை நனைந்தது.

அவள் கேட்பது யாருடைய துடிப்பு என்று அவனுக்குத் தெரியும். செத்தும் விடமாட்டான் போலிருக்கிறதே இந்தக் குட்டப்பன் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் தலை அசையாதபடி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.